பழைய தரையும் புதிய தரையும்

வீட்டின் சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் வாயிற்படியைப் பற்றியும் நாம் பேசிக்கொள்வது மிகுதி. காலடியில் கிடக்கும் தரையைப் பற்றிப் பேசிக்கொள்வது அரிது. அது வெடித்தாலோ, ஓதம் ஏறினாலோ, கதவு அதன்மேல் உரசினாலோதான் நாம் குனிந்து பார்க்கிறோம். பார்த்தவுடன் எழும் எண்ணமும் ஒன்றே: "இதைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதுத்தரை போட்டுவிடலாம்." எளிய வேலைபோலத் தோன்றும் இதற்குள் ஒரு வரலாற்று வினா மறைந்து கிடக்கிறது. எதைப் பெயர்ப்பது, எதை விட்டுவைப்பது என்பதே அவ்வினா. தில்லி மாநகரில், உலகம் போற்றும் கட்டடம் ஒன்றில், அவ்வினாவுக்கு விடை தேடிய கதையை இவ்வுரையில் காண்போம்.

அதற்கு முன் நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிடுவது நலம். சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் பழைய வீடொன்றில் நாம் குடியிருந்தோம். மழைக்காலம் வந்தால் கூடத்துக் கதவு தரையில் உரசித் திறக்க மறுக்கும். தரையைப் புதுப்பிக்கலாம் என்று கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் தரையைப் பார்க்கவில்லை. கதவைத்தான் முதலில் பார்த்தார். கதவின் மேற்சட்டம் ஒரு சாண் அகலம் இருந்தது. அடிச்சட்டமோ அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு முறை தரை உயர்ந்தபோதும் கதவின் அடியைத் தச்சர் இழைத்துக் குறைத்திருக்கிறார். மூலையில் ஓர் ஓட்டைப் பெயர்த்தபோது அடியில் மொசைக் தரை தென்பட்டது. அதனடியில் சாம்பல் நிறச் சிமெண்டுத் தரை. அதற்கும் அடியில் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த பழைய காரை. "ஐயா, இந்த வீட்டுக்குப் பழையதை எடுப்பவர் யாரும் வரவில்லை, மூடுகிறவர்களே வந்து போயிருக்கிறார்கள்" என்று அவர் இந்தியில் கூறினார். அந்த ஒரு வாக்கியத்தில் கட்டடக் கலையின் வரலாற்றில் பாதி அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

மூடுவது எளிது; பெயர்ப்பது கடினம். பெயர்த்தால் தூசி எழும், கூலி மிகும், அடியில் என்ன இருக்குமோ என்ற அச்சமும் உண்டு. ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் தன் தரையை முந்தைய தலைமுறையின் தரைமேல் போட்டுவிட்டுப் போகிறது. சிறிய வீட்டில் நிகழ்ந்த இதுவே, தில்லியில் நிஜாமுத்தீன் பகுதியில் விளங்கும் ஹுமாயூன் கல்லறை மாளிகையிலும் நிகழ்ந்தது.

முகலாயப் பேரரசர் ஹுமாயூன் 1556-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பழைய கோட்டையிலுள்ள ஷேர் மண்டல் என்னும் கட்டடத்தின் படிகளிலிருந்து தவறி வீழ்ந்து உயிர் நீத்தார். அவர்தம் மனைவியருள் மூத்தவரான பேகா பேகம், கணவருக்கு ஒரு நினைவு மாளிகை எழுப்ப விழைந்தார். பாரசீகக் கலை மரபில் தேர்ந்த மீரக் மீர்சா கியாஸ் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வகுத்தார். 1560-களில் தொடங்கிய பணி 1570-களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. செந்நிற மணற்கல்லும் வெண்ணிறப் பளிங்கும் இழைந்து, நான்கு கூறாகப் பகுக்கப்பட்ட தோட்டத்தின் நடுவே இரட்டைக் கவிகையுடன் நிமிர்ந்து நிற்கும் அம்மாளிகை, பின்னாளில் எழுந்த தாஜ் மகாலுக்கு வழிகாட்டி என்பர் அறிஞர். 1993-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

அம்மாளிகையைக் காணச் செல்வோர் கவிகையைப் பார்ப்பர். சாளரங்களின் கல்வேலைப்பாட்டைப் பார்ப்பர். தாம் நிற்கும் மேடையைப் பார்ப்பவர் அரியர். மாளிகையைத் தாங்கும் கீழ்மேடையின் பரப்பு ஏறத்தாழ 12,000 சதுர மீட்டர். அதன்மேல் தில்லிக் குன்றுத்தொடரில் கிடைக்கும் படிகப்பாறை வகைக் கற்கள் பாவப்பட்டிருந்தன. அவற்றுள் சில 1,000 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. யானைகளும் எருதுகளும் மனிதத் தோள்களும் தவிர வேறு துணையில்லாத காலத்தில் இவற்றைக் கொணர்ந்து, மட்டம் பார்த்து, மழைநீர் வழிந்தோட வாட்டம் கொடுத்து இருத்திய கைகளின் திறமையை எண்ணிப் பாருங்கள்.

நானூறு ஆண்டுகளுக்கு அருகில் அத்தரை கிடந்தது. மண் அமிழ்ந்தது, கற்களுள் சில தாழ்ந்தன, சில எழும்பின. மழைநீர் ஆங்காங்கே தேங்கிற்று. 1940-களில் இக்குறையைத் தீர்க்க முற்பட்டோர், தாழ்ந்த கற்களை எடுத்து மீண்டும் மட்டத்தில் இருத்தும் வேலையை மேற்கொள்ளவில்லை. கற்களின்மேல் கான்கிரீட்டுப் படலம் ஒன்றைப் பரப்பிவிட்டனர். மேடு பள்ளம் மறைந்தது. அதனோடு முகலாயர் காலத்துத் தரையும் மறைந்தது. கூரையின் கதையும் இதுவே. நீர்க்கசிவைத் தடுக்க வேண்டி 20-ஆம் நூற்றாண்டில் அடுக்கின்மேல் அடுக்காகக் கான்கிரீட்டு இடப்பட்டது. பிற்காலத்தில் அதனை எடுத்தபோது அதன் எடை ஏறத்தாழ 10 லட்சம் கிலோ என்று கணக்கிட்டனர். பழைய கட்டடத்தின் தலைமேல் ஆயிரம் டன் புதுச்சுமை!

அக்காலத்தவரை நாம் குறை கூறிவிடலாகாது. அவர்கள் கெடுக்க எண்ணிச் செய்தாரல்லர். சிமெண்டு அந்நாளில் புதுமையின் அடையாளம். 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பார் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் அதனைச் செய்யும் முதல் முயற்சி நம் சென்னையிலேயே, 1904-ஆம் ஆண்டில், கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு நடந்தது என்பது பலர் அறியாத செய்தி. அம்முயற்சி நிலைக்கவில்லை, 1914-ஆம் ஆண்டில் போர்பந்தரில் தொடங்கிய தொழிற்சாலைதான் வெற்றி கண்டது. அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் நாடெங்கும் சிமெண்டே பேச்சு. விரைவில் இறுகும், வலிமை மிக்கது, நீற்றிப் புளிக்கவைத்து அரைக்க வேண்டிய தொல்லை இல்லை. பழுதுபார்ப்போர் அதனை நாடியதில் வியப்பில்லை.

ஆயினும் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் இயல்பிலேயே வேறுபாடு உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு நீரில் நீற்றினால் கிடைப்பது சுண்ணாம்பு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உண்டு மீண்டும் கல்லாகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்த மாற்றத்தினிடையே கட்டடம் சிறிது அசைந்தால் அதுவும் இசைந்து கொடுக்கும். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறி ஆவியாகிவிடும். சிமெண்டோ இறுக்கமானது, வளையாதது, ஈரத்தை வெளியே விடாதது. அடியில் சிறைப்பட்ட ஈரம் வேறு வழி தேடி, அருகிலுள்ள மென்மையான கல்லுக்குள்ளும் சுவருக்குள்ளும் ஏறுகிறது. அங்கே நீர் ஆவியாக, அதில் கரைந்திருந்த உப்பு பூத்துக் கல்லைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. தரைக்குச் செய்த வைத்தியம் சுவருக்கு நோயாக முடிவது இவ்வாறுதான். நம் ஊர்ப் பழைய வீடுகளில் சிமெண்டுத் தரை போட்ட பின்னர்ச் சுவரின் அடிப்பகுதி உதிரத் தொடங்கியதைக் கண்டவர் உங்களுள்ளும் இருப்பர்.

இந்நிலையில், இந்திய விடுதலையின் 50-ஆம் ஆண்டு நிறைவாகிய 1997-ஐ ஒட்டி, ஹுமாயூன் மாளிகைத் தோட்டத்தைச் சீரமைத்துத் தர ஆகா கான் முன்வந்தார். அவர்தம் பண்பாட்டு அறக்கட்டளை இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து அப்பணியை 2003-ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. ஆயிரக்கணக்கான வண்டி மண் அகற்றப்பட்டு, தூர்ந்துபோன வாய்க்கால்களில் மீண்டும் நீர் ஓடிற்று. 2007-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி மாளிகையையே செப்பனிடும் பணி தொடங்கியது. சர் டோராப்ஜி டாடா அறக்கட்டளையும் பொருளுதவி புரிந்தது. 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், அந்நாளைய தலைமையமைச்சர் மன்மோகன் சிங் அதன் நிறைவு விழாவில் கலந்துகொண்டார்.

அப்பணியில் நம் உள்ளத்தைக் கவர்வது, அது தொடங்கிய முறை. புதிதாக எதையும் போடுவதற்கு முன், மேலே கிடந்ததை எடுக்க வேண்டியிருந்தது. கான்கிரீட்டை உடைக்கப் பெரிய பொறிகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்தால் சில நாட்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் அவற்றின் அதிர்வு அடியிலுள்ள பழங்கல்லையும் கவிகையையும் தாக்கும். ஆகவே உளியும் சுத்தியலும் கடப்பாரையுமாகக் கைவேலைக்காரர்களே படலம் படலமாகப் பெயர்த்தெடுத்தனர். கீழ்மேடையில் கான்கிரீட்டு நீங்கியதும் முகலாயக் கல்தளம் வெயிலைக் கண்டது. தாழ்ந்தும் சாய்ந்தும் கிடந்த பெருங்கற்களை நெம்பித் தூக்கி, அடிமண்ணைத் திருத்தி, சுண்ணாம்புக் காரையில் மீண்டும் இருத்தினர். மழைநீர் ஓடுவதற்குரிய வாட்டத்தையும் மீட்டனர். கூரைமேலும் சிமெண்டு நீங்கிச் சுண்ணாம்புத் தளம் இடம்பெற்றது. மாளிகைப் பணி முழுமைக்கும் கைவினைஞர் உழைத்த கணக்கு ஏறத்தாழ 2 லட்சம் ஆள்நாள் என்று கூறுகின்றனர்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய தரையை நீக்கிப் புதிய தரை அமைப்பதே உலக வழக்கம். இங்கோ, நீக்கப்பட்டதுதான் வயதில் இளையது. அமைக்கப்பட்டது வயதில் மூத்தது. தட்டிப் பார்க்காமல் "இது பழசு, எடு" என்று ஆணையிட்டிருந்தால், கான்கிரீட்டோடு சேர்த்து அடியிலிருந்த கல்லையும் பெயர்த்து எறிந்திருப்பார்கள். பழமை எது என்பதைக் கண் காட்டாது. உளியின் நுனிதான் காட்டும்.

இதற்கு ஒத்த நிகழ்ச்சி அம்மாளிகையின் வளாகத்துக்குள்ளேயே உண்டு. நுழைவாயிலுக்கு அருகில் ஈசா கான் என்னும் பிரபுவின் எண்கோணக் கல்லறை இருக்கிறது. அது 1547-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹுமாயூன் மாளிகைக்கும் மூத்தது. அதன் சுற்றுமதிலுக்குள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு சிற்றூரே குடியிருந்தது. ஊர் அகன்ற பின்பும் மண் மேடிட்டே கிடந்தது. செப்பனிடும் பணியில் அம்மண்ணை அகழ்ந்தபோது, தோட்டத்தின் உண்மையான தரைமட்டம் நாம் நடந்துவந்த மட்டத்திற்கு மிகக் கீழே இருந்தது தெரிய வந்தது. கல்லறையைச் சுற்றிலும் தாழ்வாக அமைந்த பள்ளத்தோட்டம் அது. இன்று அங்கே நிற்பவர்க்குக் கட்டடம் முன்னிலும் உயர்ந்து தோன்றுகிறது. கட்டடம் உயரவில்லை, அதன் கால்கள் வெளிப்பட்டன.

கடல் கடந்தும் ஒரு சான்று காட்டலாம். இத்தாலியின் வடகிழக்கே அக்விலேயா என்னும் பழம்பதி உள்ளது. அங்குள்ள தேவாலயத்தின் இடைக்காலத்துத் தரையை 1909-ஆம் ஆண்டு முதல் அகற்றினர். அதன் அடியில், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு சிறு வண்ணக் கற்களால் அமைக்கப்பட்ட சித்திரத் தரை ஒன்று ஏறத்தாழ 760 சதுர மீட்டர் பரப்பில் வெளிப்பட்டது. மீன்களும் பறவைகளும் மீனவர் வலையும் அதில் தீட்டப்பட்டிருந்தன. 11-ஆம் நூற்றாண்டில் தேவாலயத்தைப் புதுப்பித்தவர்கள் அதனை மூடியதால், மேலே நடந்தவர்க்கு ஒன்பது நூற்றாண்டுகளாக அது தெரியவில்லை. ஆனால் மூடப்பட்டிருந்ததனாலேயே காலடிபட்டுத் தேயாமலும் அது பிழைத்தது. மூடியவரை வைவதா, வாழ்த்துவதா?

இவ்வினா விளையாட்டாகக் கேட்பதன்று. மேலே போட்ட தரையும் ஒரு காலத்தவர் கைவண்ணமல்லவா? அதனை அழிக்க நமக்கு என்ன உரிமை? இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக விளங்கிய ஜான் மார்ஷல் 1923-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, பழங்கட்டடத்தைப் புதுக்குவதினும் உள்ளதை உள்ளவாறு காப்பதே முதற்கடன் என்று வற்புறுத்தியது. 1964-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த சாசனமும் எல்லாக் காலத்தவரின் பங்களிப்பையும் மதிக்கச் சொல்கிறது. மேலடுக்கை நீக்கி அடியிலுள்ளதைக் காட்டுவது, நீக்கப்படுவதற்கு மதிப்பு குறைந்தும் வெளிப்படுவதற்கு மதிப்பு மிகுந்தும் இருந்தாலன்றிக் கூடாது என்பது அதன் கருத்து. அத்தீர்மானத்தை வேலை செய்பவர் ஒருவரே எடுத்துவிடலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. ஹுமாயூன் மாளிகையில் செய்தது முறையா என்று ஐயுற்ற அறிஞர்களும் உண்டு. மார்ஷலின் மரபில் வளர்ந்தவர்க்கு அவ்வையம் இயல்பே. ஆயினும் தரையைப் பொறுத்தவரை நம் முடிபு இது: 1940-களின் கான்கிரீட்டுக்கு ஒரு கலைஞனின் உள்ளம் பங்களித்ததாகத் தெரியவில்லை, அவசரமே பங்களித்தது. அது தான் காக்க வந்த கல்லையே கெடுத்தது. அதனை எடுத்தது தகும்.

தரைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அது கற்களால் மட்டும் ஆனதன்று. அதன்மேல் இருந்தவர்களாலும் ஆனது. 1857-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டது இம்மாளிகையில்தான். 1947-ஆம் ஆண்டில் நாடு பிரிந்தபோது, பாகிஸ்தானுக்குப் புறப்படக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் பழைய கோட்டையிலும் இந்த மாளிகைத் தோட்டத்திலும் முகாமிட்டுத் தங்கின. அடுப்பு மூட்டவும் பிள்ளைகளைக் கிடத்தவும் அவர்களுக்கு இருந்த ஒரே தரை இது. அவர்கள் விட்டுச் சென்ற தடயம் எதுவும் இன்று கண்ணுக்குப் புலப்படவில்லை.

இம்மாளிகைக்கு வெகுதொலைவில்லாத ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்காலின் கரையில், 'மதராசி கேம்ப்' என்னும் குடியிருப்பு இருந்தது. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த எளிய குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தன. வாய்க்காலைத் தூர்வாரி வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமென்று, தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில், மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என்று ஏற்கப்பட்டவை 189. அவ்வீடுகளும் தில்லியின் வடகோடியாகிய நரேலாவில். வாய்க்காலுக்கு வழி வேண்டும் என்பது மெய். ஊர் வெள்ளத்தில் மூழ்கலாகாது என்பதும் மெய். ஆயினும் நாம் கேட்க வேண்டுவது ஒன்றுண்டு. அரசரின் கல்லறையில் ஒரு கல்லைப் பெயர்க்குமுன் அதற்கு எண்ணிட்டு, படம் எழுதி, எங்கே மீண்டும் இருத்துவது என்று முடிவு செய்தார்கள். உழைத்து வாழும் குடும்பத்தின் தரையைப் பெயர்க்கும்போதும், அக்குடும்பம் எங்கே மீண்டும் அமரும் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டுமன்றோ? கல்லுக்குக் காட்டிய பொறுமை மனிதர்க்கு மிகையாகாது.

இனி நம் தாயகத்தை நோக்குவோம். திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் 2015-ஆம் ஆண்டுக் குடமுழுக்கையொட்டி நடந்த திருப்பணி, 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. பிற்காலத்தில் பொருத்தமின்றி எழுந்தவற்றை நீக்கியதும், மழைநீர் வழிந்தோடும் பழைய அமைப்புக்குப் புத்துயிர் அளித்ததும் அப்பணியின் சிறப்புகள். தில்லியிலும் திருவரங்கத்திலும் பாடம் ஒன்றே. பழைய கொத்தர்கள் அமைத்த தரையில் நீர் எப்பக்கம் ஓடிற்று என்பதை முதலில் அறிய வேண்டும். அதை அறியாமல் மேலே போட்ட தரை எவ்வளவு பளபளப்பாயினும், அடுத்த மழையில் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளும்.

கோயிலை விடுவோம், நம் வீடுகளுக்கு வருவோம். வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் நம்மவர் பலர்க்கு ஊரில் ஒரு பழைய வீடு இருக்கிறது. கூடத்தில் சிவப்புக் காவித் தரை; அல்லது ஆத்தங்குடிப் பூக்கல்; அல்லது கடப்பைக்கல். விடுமுறைக்குச் சென்றால் பத்து நாள். அதற்குள் எதையாவது செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு. அல்லது தில்லியிலிருந்தே தொலைபேசியில், "எல்லாவற்றையும் உடைத்துவிட்டு டைல் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிப் பணம் அனுப்புகிறோம். அடுத்த கோடையில் சென்று பார்த்தால் கூடம் மருத்துவமனை போல் மின்னுகிறது. ஆனால் ஆட்டுக்கல் பதித்திருந்த வட்டக் குழி இல்லை. சிவப்புச் சிமெண்டு ஈரமாயிருந்தபோதே பாட்டி கோடிழுத்துப் பதித்த கோலம் இல்லை. தாத்தா சாய்ந்து சாய்ந்து நாற்காலிக் கால் தேய்த்த இரண்டு தழும்புகள் இல்லை. இவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க இயலாது.

அதனால் எத்தரையையும் தொடலாகாது என்று நாம் சொல்ல வரவில்லை. முதியவர் வழுக்கி விழும் தரையை மாற்றத்தான் வேண்டும். கரையான் ஏறிய அடிமண்ணையும் தோண்டத்தான் வேண்டும். நாம் வேண்டுவது, பெயர்க்குமுன் ஒரு நாள் பொறுப்பது. கட்டைவிரல் கணுவாலோ சிறு சுத்தியலாலோ தரையை இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று பொள்ளலாக ஒலிக்குமிடத்தில் பிடிப்பு விட்டிருக்கிறது. கணீரென்று ஒலிக்குமிடம் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். கெட்ட இடத்தை மட்டும் எடுத்துச் சீர்செய்ய முடியுமா என்று மூத்த கொத்தனார் ஒருவரைக் கேளுங்கள். யார் பார்வையும் படாத ஒரு மூலையில் ஒரு சதுர அடி பெயர்த்து, அடியில் எத்தனை தரைகள் உள்ளன என்று எண்ணுங்கள். ஓதம் ஏறும் வீடாயின் அதன் காரணத்தைக் கண்ட பின்னரே மேற்பூச்சுக்குச் செல்லுங்கள். பெயர்த்த பூக்கற்களுள் முழுமையானவற்றை எறியாதீர்கள். பூசையறைக்கோ திண்ணைக்கோ அவை போதும்.

வேலை செய்பவர்களையும் மறவாதீர்கள். கல்லும் கான்கிரீட்டும் உடையும்போது எழும் நுண்தூளில் சிலிக்கா உண்டு. அதனை நெடுநாள் மூச்சில் உள்ளிழுத்தவரின் நுரையீரல் இறுகி, சிலிக்கோசிஸ் என்னும் தீராநோய் வரும். உடைக்குமுன் தரையை நனைத்து வைப்பதும், தகுந்த முகக்கவசம் தருவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும் பெருஞ்செலவல்ல. நம் தரை புதிதாவதற்காகச் சித்தாள் ஒருவரின் மூச்சு பழுதாகலாகாது.

நம் பழைய வீட்டுக் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கொத்தனார் ஓடுகளை எடுத்தார். அவற்றின் அடியிலிருந்த மொசைக் நல்ல நிலையில் இருந்தது. அரைப்பான் கொண்டு தேய்த்துக் கழுவியதும் பச்சையும் வெள்ளையுமாகக் கற்சிதறல்கள் ஒளிவிட்டன. "இதற்கு மேல் எதற்கு ஐயா புதுத்தரை?" என்று அவர் தம் கருவிகளைக் கட்டிக்கொண்டார். மூன்று நாள் கூலிக்குப் பதில் ஒன்றரை நாள் கூலியே அவருக்குக் கிடைத்தது. தமக்கு வரவேண்டிய வருவாயைக் குறைத்துக்கொண்டு, இருப்பதே போதும் என்று சொன்ன அவரை நாம் இன்றும் மதிப்புடன் நினைக்கிறோம். கதவும் உரசாமல் திறந்தது. ஆனால் அடியில் முக்கால் அங்குல இடைவெளி விழுந்துவிட்டது. முன்பு இழைத்துக் குறைத்த மரத்தை யார் திருப்பித் தருவது? ஒரு சட்டத்தை ஒட்டுப்போட்டுக் கொண்டோம். அவசரத்தில் மூடியவர்களுக்காகப் பின்வருவோர் கட்டும் அபராதம் அது.

தில்லியில் வாழும் அன்பர்கள், குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹுமாயூன் மாளிகைக்குச் செல்லுங்கள். கவிகையை அவர்கள் தாமே பார்த்துக்கொள்வர். நீங்கள் அவர்களை மேடையின்மேல் நிறுத்திக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். காலடியில் கிடக்கும் அக்கல் ஒருமுறை இருத்தப்பட்டு, ஒருமுறை மூடப்பட்டு, மீண்டும் தூக்கி நேராக்கப்பட்டது என்று கூறுங்கள். பிறகு ஊரிலிருக்கும் வீட்டுக்குத் தொலைபேசி செய்து, கூடத்துத் தரை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.